அர்த்தம் சொல்லும் வரம்

போதகரின் துணிமூட்டையை மட்டும் அக்கா இரண்டு விரலால்தான் தூக்குவாள். அந்தச் சலவைக்கூடத்துக்கு வராத அழுக்கு கிடையாது. கப்பல்காரர்களின் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரித் துணி, கசாப்புக்கடைக்காரரின் மேலங்கி என்று எது வந்தாலும் முகம் சுளிக்காமல் அள்ளிக் கொதிதொட்டியில் போட்டுவிட்டு, அதே கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருகிறவள் அவள். ஆனால் திங்கட்கிழமை போதகர் வீட்டு மூட்டையைப் பிரிக்கும்போது மட்டும் உடம்பெல்லாம் கூசும். இத்தனைக்கும் அந்தச் சட்டைகளில் அழுக்கென்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கைக்குட்டைகளில்தான் விஷயம் இருந்தது. எல்லாவற்றிலும் இருமல் மருந்தின் பழுப்புக் கறை. பனியனில் மூட்டுவலித் தைலத்தின் நெடி. மருந்தைத் தொட்டவன் தேவனை விட்டவன் என்று ஞாயிறுதோறும் மேடையில் தொண்டை கிழிய முழங்குகிற மனிதரின் துணி அது.

"ஐயாவுக்கு என்னக்கா இப்படி இருமல்?" என்று மடிப்பு மேசையில் நிற்கும் பெண் கேட்டாள்.

"பிரசங்கம் தொண்டையில சிக்கியிருக்கும்," என்றாள் அக்கா.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆள் சின்னது, வாய் ஓயாது. அதனால் கூடத்தில் எல்லோருக்கும் அவள் குருவி. மாசமாக இருந்தாள், வயிறு அப்போதுதான் தெரிய ஆரம்பித்திருந்தது. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அந்த வாரமே இருவரும் கப்பலேறப் போகிறார்கள். போகிற தேசத்தின் பேச்சில் 'தண்ணீர்' என்று கேட்கக்கூட இருவருக்கும் தெரியாது. அனுப்பி வைப்பவர் போதகர். அதை நினைத்துத்தான் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

விஷயம் இந்த லட்சணத்துக்கு எப்படி வந்தது என்று சொல்வதானால் குதிரைக் கொட்டகையிலிருந்து தொடங்க வேண்டும். போதகரைக் கேட்டால், மலையுச்சியில் தனியாக உபவாசமிருந்தபோது தனக்குக் கிடைத்த தரிசனத்தில் இந்தச் சபை பிறந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அண்டப்புளுகு. சபை பிறந்தபோது அந்த மனிதர் இந்த ஊரிலேயே இல்லை. அது பிறந்தது சலவைக்கூடத்தின் பின்பக்கம், காலியாகக் கிடந்த ஒரு குதிரைக் கொட்டகையில். தொட்டிக்கு நெருப்புப் போடுகிற ஒரு பெண்ணால் பிறந்தது. கொப்பரைக்காரி என்பார்கள் அவளை. வேலை முடிந்ததும் ஈரத்துணியோடு அங்கே போய் முழங்கால் போடுவாள். பிறகு நாலு பேர் சேர்ந்தார்கள், பிறகு கொட்டகை கொள்ளவில்லை. ஒருநாள் கொப்பரைக்காரி வாயிலிருந்து யாருக்கும் புரியாத ஒரு பேச்சு வெள்ளமாகப் புறப்பட்டது. அந்நிய பாஷை, அபிஷேகம், கடைசிக் காலத்துப் பின்மாரி என்றெல்லாம் ஆளுக்கு ஒரு பேர் வைத்தார்கள். கொப்பரைக்காரி மட்டும் எந்தப் பேரும் வைக்கவில்லை. "அது நானும் அவரும் பேசிக்கிறது. உங்களுக்கு எதுக்கு அர்த்தம்?" என்றாள்.

அந்தக் கொட்டகைக்குப் பெஞ்சு கிடையாது. தெருவில் ஒரே நடைபாதையில் நடக்க யோசிக்கிறவர்கள் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு வைக்கோலில் கிடந்தார்கள். சலவைக்கூட முதலாளியின் மனைவியும், அவளுடைய விரிப்புகளைத் துவைக்கிறவளும் ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். கறுப்பு, வெளுப்பு, கப்பல்காரன், சமையல்காரி என்ற கணக்கெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. பெண்கள் எழுந்து பேசினால் ஆண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பைத்தியக்கார விடுதி என்று எழுதினார்கள். அக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். அங்கேயே பழியாகக் கிடந்த தங்கையை மயிரைப் பிடித்து இழுத்து வரத்தான் அவள் போனது. போனவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷன் செத்த அன்றுகூட வராத அழுகை அன்றைக்கு வந்தது. அவளுக்குப் பாஷை எதுவும் வரவில்லை, அழுகைதான் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை வெறுத்துப்போன காலத்திலும் அந்த ஒரு சாயங்காலத்தை அவள் பொய் என்று சொன்னதே இல்லை.

வேறு துறைமுகங்களிலும் இதே காலத்தில் இதே மாதிரி நெருப்புப் பிடித்திருப்பதாகக் கப்பல்காரர்கள் செய்தி கொண்டுவந்தார்கள். ஒரு ஊரில் சமையலறையில், ஒரு ஊரில் அநாதைப் பெண்கள் விடுதியில் என்று எங்கே பார்த்தாலும் யாரும் ஆளாகவே மதிக்காதவர்களிடத்தில்தான் அது பற்றிக்கொண்டதாம். எங்கே பார்த்தாலும் கொஞ்ச நாளில் ஒரு கனவான் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்திருப்பான், அதில் சந்தேகமே வேண்டாம் என்பாள் அக்கா.

இங்கே வந்த போதகர் தேசப்படமும் தூக்கிக்கொண்டு வந்தார். சுவரை அடைக்கிற உலகப் படம். அவர் சொன்னார்: "இது வெறும் சத்தம் இல்லை. ஒவ்வொருத்தர் வாயிலும் வருவது ஏதோ ஒரு தேசத்தின் பாஷை. பூமி முடியப் போகிறது. உட்கார்ந்து இலக்கணம் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்பதால்தான் தேவன் நாக்கிலேயே வைத்து அனுப்புகிறார். போய் வாயைத் திறந்தால் போதும்." யாராவது அந்நிய பாஷை பேசினால் கண்ணை மூடிக் கேட்பார். பிறகு விறுவிறுவென்று நடந்து போய்ப் படத்தில் ஒரு இடத்தில் விரலை வைப்பார். விரல் பட்ட இடத்துக்குப் பேசினவர் கிளம்ப வேண்டியதுதான். மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, அகராதிகூட இல்லாமல், மருந்துப் பெட்டி இல்லாமல், திரும்பி வரும் யோசனையே இல்லாமல் மனிதர்கள் கிளம்பினார்கள். மடத்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் சாமான்களைத் தெருவில் போட்டு விற்றுவிட்டுப் போனவர்களைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது.

அதற்குள் கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. மேடை வந்தது, நாற்காலி வந்தது, முன் வரிசை கடைக்காரர்களுக்கு என்றாயிற்று. கறுத்தவர்களுக்கு மத்தியானக் கூட்டம், வெளுத்தவர்களுக்குச் சாயங்காலக் கூட்டம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அடிதடி வராமலிருக்க என்று அதற்கு ஒரு காரணம், அங்கே யாரோ என்றைக்கோ அடித்துக்கொண்ட மாதிரி. பெண்கள் சபையில் பேசக் கூடாது என்றாயிற்று. அந்நிய பாஷை வந்தால் பேசலாம், ஆனால் அர்த்தம் சொல்லும் வரம் போதகர் ஒருவருக்கே. கொப்பரைக்காரியை யாரும் விரட்டவில்லை. "பின்னால இடம் இருக்கும்மா" என்று கோட்டு போட்ட ஒருவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவள் திரும்பித் தொட்டிக்குப் போனவள், பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

அக்காவின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், அவளுக்கும் ஒரு தேசத்தில் விரல் விழுந்தது. அவள் புருஷன் தச்சர், விசுவாசத்தில் ஒரு படி மேலே நிற்கிறவர். இரண்டு பேரும் போனார்கள். ஒரே ஒரு கடிதம் வந்தது, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று. அடுத்த வருஷம் சின்னவள் மட்டும் கப்பலிலிருந்து இறங்கினாள், எலும்பும் தோலுமாக. தச்சர் அங்கே ஜெபவீடு கட்டிக்கொண்டிருக்கிறாராம். குழந்தை எங்கே என்று அக்கா கேட்டதற்கு, "இல்லக்கா" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று சபை ஒரே வரியில் பூசி மெழுகிவிட்டது.

அக்கா அவளைத் தன்னோடு இஸ்திரி மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் சூடான பெட்டி இருந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் பேச்சு வரும். அந்த ஊர்ச் சந்தையில் முதல் நாள் நின்று வாயைத் திறந்ததைச் சொன்னாள். ஒருத்தருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை. வலிப்பு என்று நினைத்து யாரோ ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தார்கள். பிறகு பக்கத்து வீட்டு மீன்காரம்மாதான் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பேச்சு சொல்லிக்கொடுத்தாள். சின்னவள் அதே மாதிரி அக்காவுக்கும் தொட்டுக் காட்டினாள். நெருப்பு, தண்ணீர், கதவு, வேண்டாம். குருவியின் வயிற்றைக் காட்டிக் குழந்தை. தனக்கு உடம்பு கொதித்த ஒருநாள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல். தொட்டிக்கடியில் எலி ஒன்று விறைத்துக் கிடந்தபோது, செத்துப்போச்சு. அக்காவுக்கு நாக்கு புரளாவிட்டாலும் காது பழகிவிட்டது.

வம்பு என்னவென்றால், இதைப் பார்த்துத்தான் குருவிக்குப் பைத்தியம் இன்னும் முற்றியது.

"பாத்தீங்களாக்கா, சின்னக்காவுக்குப் பாஷை பலிச்சிருச்சு! தண்ணியா பேசுறாங்க. எனக்கும் பலிக்கும்," என்றாள். போதகரின் விரல் அவளுக்கும் அதே தேசத்தைத்தான் காட்டியிருந்தது.

"அடியே, அது பலிக்கல, படிச்சது! ஒரு வருஷம் நாய்படாத பாடு பட்டுப் படிச்சது!"

"அப்படித்தான் சோதனையா சொல்வாங்கன்னு ஐயா முன்னாடியே சொன்னாரு."

அக்கா தங்கையைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கெஞ்சினாள். "நீ சொன்னா கேப்பா. உன் பிள்ளை எப்படிப் போச்சுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. எனக்குச் சொல்ல வேணாம். அவளுக்குச் சொல்லு."

"வர மாட்டேங்குதுக்கா. நம்ம பேச்சுல அது வரவே மாட்டேங்குது," என்றாள் சின்னவள்.

சனிக்கிழமை போதகரே வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா கஞ்சி போட்டு நிமிர்த்திய கழுத்துப்பட்டியோடு, இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சின்னவள் மறுநாள் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். வெறுமனே அந்தத் தேசத்துப் பாஷையில் கொஞ்ச நேரம் பேசினால் போதும், அர்த்தத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கிளம்புகிற பிள்ளைகளுக்குத் தைரியமாக இருக்குமாம்.

"ஐயா, அது வரமா வந்தது இல்ல," என்றாள் சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு. "பக்கத்து வீட்டம்மா சொல்லிக் குடுத்தாங்க. நான் கத்துக்கிட்டேன்."

"கத்துக்கிற புத்தியைக் குடுத்தது யாரு, சகோதரி?"

வெண்ணெயில் விழுந்த கத்திபோல வழுக்குகிற அந்தக் குரலைக் கேட்டதும் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ குருவியையும் கொஞ்ச நாள் கத்துக்கச் சொல்லி அனுப்புங்க. பிள்ளைத்தாச்சி ஐயா அவ. ஒரு மருந்துப் பெட்டியாவது குடுத்து விடுங்க."

"மருந்துப் பெட்டி தூக்கிட்டுப் போறவன் சந்தேகத்தைத் தூக்கிட்டுப் போறான்," என்று ஆரம்பித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுக்கு என்ன சாப்பிடுறீங்க, ஐயா?"

"தேன். வெறும் தேன்."

"தேன் தண்ணியிலயே கரைஞ்சு போயிடும் ஐயா. இது சோடா போட்டுக் கொதிக்க வெச்சாலும் போக மாட்டேங்குது. நான்தானே துவைக்கிறேன்?"

அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு எழுந்து, இரண்டு பேர் தலையிலும் கையை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அக்கா தலையை அலசினாள். "ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்தே?" என்று தங்கையைத் திட்டித் தீர்த்தாள்.

"நாளைக்குப் பேசுறேன்க்கா," என்றாள் சின்னவள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொட்டகை நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் கடைக்காரர்கள். கிளம்பப் போகிறவர்கள் என்பதால் குருவிக்கும் அவள் புருஷனுக்கும் மேடையோரம் இரண்டு நாற்காலி. புருஷன் கடன் வாங்கின கோட்டில் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். குருவி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு பெருமையில் பூரித்துப் போயிருந்தாள். அக்கா பின்பக்கம் தூணோரம் நின்றாள்.

போதகர் சின்னவளைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றினார். "பிரியமானவர்களே, நம்முடைய பாஷைகள் வெறும் சத்தம் என்று சொன்னவர்கள் இன்றைக்கு வெட்கப்படட்டும். இந்தச் சகோதரி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. கேளுங்கள்!"

சின்னவள் பேசினாள். மெதுவாகத்தான் தொடங்கினாள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற யாரிடமோ சொல்வதுபோல. அந்த மீன்காரம்மாவிடம் சொல்கிறாள் என்று அக்காவுக்குப் பட்டது. கூட்டத்தில் அங்கங்கே விம்மல் கேட்டது. சின்னவள் நிறுத்தியதும் போதகர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"அர்த்தம் இதுதான்: கடலுக்கு அப்பால் ஜனங்கள் காத்திருக்கிறார்கள். கைகளை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்!"

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம். அர்த்தம் சொன்னவுடன் ஸ்தோத்திரம் சொல்வது அந்தச் சபையின் வழக்கம். தும்மினால் கைக்குட்டையை எடுக்கிற மாதிரி, யோசித்துச் செய்கிறதில்லை.

அக்கா கேட்டது வேறு. குழந்தை என்று கேட்டாள். காய்ச்சல் என்று கேட்டாள். கதவு. வேண்டாம். திரும்பவும் கதவு.

சின்னவள் மறுபடியும் பேசினாள். இந்தத் தரம் குரல் உடைந்தது. குழந்தை, குழந்தை, என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு அந்த எலிக்குச் சொன்ன வார்த்தையைச் சொன்னாள்.

போதகரின் முகம் பிரகாசித்தது. "அர்த்தம்: அறுவடை முற்றிவிட்டது! தாமதிக்காதே, பயப்படாதே, உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா!"

"ஸ்தோத்திரம்! அல்லேலூயா!"

சீ. அக்கா வாழ்நாளில் எத்தனையோ நாற்றத்தைச் சகித்திருக்கிறாள். செத்தவன் படுத்திருந்த விரிப்பை வெறுங்கையால் அலசியிருக்கிறாள். இதைச் சகிக்க முடியவில்லை. பெற்றவள் பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொல்லிக்கொண்டு நிற்கிறாள், இந்த மனிதன் அதே வார்த்தைகளை எடுத்து இன்னொரு பிள்ளைத்தாச்சிக்கு வழி காட்டுகிறான். அதுவும் வாய் கூசாமல், கண்ணில் நீரோடு. அந்தக் கண்ணீர் நிஜமானது என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

"பொய்!" என்று கத்திக்கொண்டு அவள் நடுவழியில் நடந்தாள். "அவ அப்படிச் சொல்லல! குழந்தைக்குக் காய்ச்சல்னு சொல்றா! கதவுன்னு சொல்றா, வேணாம்னு சொல்றா! குழந்தை செத்துப்போச்சுன்னு சொல்றா! அவ பிள்ளை செத்துப்போச்சு!"

கூட்டத்தில் தலைகள் திரும்பின. முன் வரிசையிலிருந்த துணிக்கடைக்காரர் மனைவி கையை உயர்த்தி, "சகோதரிக்கும் அர்த்தம் சொல்லும் வரம் கிடைச்சிருச்சு!" என்று கூவினாள்.

"ஸ்தோத்திரம்!" என்று கொட்டகையே அதிர்ந்தது.

அக்கா என்ன சொன்னாள் என்று அவர்கள் ஒருத்தர்கூடக் காதில் வாங்கவில்லை. அர்த்தம் ஒன்று வந்தது, ஸ்தோத்திரம் சொன்னார்கள், அவ்வளவுதான். ஒரு குழந்தை செத்ததற்கு ஆனந்தக் கூச்சல் போட்டுவிட்டு, கைதட்டி அடுத்த பாட்டுக்குப் போனார்கள். பாட்டை எடுத்துக் கொடுத்தவர் போதகர். அவருக்கு மட்டும் எல்லாம் புரிந்திருந்தது. அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை.

குருவி பாடவில்லை. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அவள் நாற்காலியை விட்டு எழுந்து மேடையோரம் போய், சின்னவளின் கையைப் பிடித்தாள். அக்காவும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தாள்.

"சின்னக்கா, அந்த ஊர்ல டாக்டரே இல்லையா?"

சின்னவள் அவளைப் பார்த்தாள். பிறகு அவள் வயிற்றைப் பார்த்தாள். இத்தனை மாசமாக வராதது வந்தது, நம்முடைய பேச்சிலேயே வந்தது.

"எதிர்த்த வீடு," என்றாள். "கதவைத் தொறந்தா அவர் வாசல் தெரியும். நான் போறேன்னேன். என் வீட்டுக்காரரு வேணாம், விசுவாசமா இருன்னு சொல்லி, கதவுல முதுகை வெச்சு உக்காந்துட்டாரு. கடைசி வரைக்கும் எழுந்திருக்கல. அழுதுக்கிட்டேதான் உக்காந்திருந்தாரு."

குருவியின் புருஷன் பின்னாலேயே வந்திருந்தான். கெட்ட பையன் இல்லை. குருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவன் என்று சலவைக்கூடமே சொல்லும். "எல்லாரும் பாக்குறாங்க, வா," என்று அவள் முழங்கையைத் தொட்டான்.

குருவி திரும்பி அவன் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எனக்கோ பிள்ளைக்கோ அங்க காய்ச்சல் வந்தா, நீ கதவைத் தொறப்பியா?"

அவன் வாயைத் திறந்தான். பதில் சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு தரம், திரும்பிப் போதகரைப் பார்த்தான்.

குருவி அதற்கு மேல் பதிலுக்காக நிற்கவில்லை.